மூன்றாவது கார்பன்

1. கீழே கையொப்பமிடும் நான், அயலுறவுத் துறையின் சட்டப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் வரைவாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வயது எழுபத்து நான்கு. பார்வையும் நினைவும் நல்ல நிலையில் உள்ளன. வலது முழங்கால் மட்டும் அப்படி இல்லை.

2. நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் நம் நாடும் ஆற்றின் மறுகரையிலுள்ள நாடும் செய்துகொண்ட நீர் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவை எழுதியவன் நான்.

3. இத்துடன் இணைத்துள்ள கடிதங்கள் பெரும்பாலும் இவ்வாண்டு எனக்கும் என் தங்கைக்கும் இடையே நடந்தவை. அவள் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் கற்பிக்கும் பேராசிரியை. எனக்குப் பாதகமான எதையும் நீக்கவில்லை. என் மனைவி எனக்குத் தெரியாமல் என் கடிதங்களின் அடியில் சேர்த்த வரிகளையும் நீக்கவில்லை. தங்கை மூலக் கடிதங்களைத் திருப்பி அனுப்பியபோதுதான் அவை இருப்பதே எனக்குத் தெரிந்தது.

4. இதைப் படிப்பவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே வந்து சேர எனக்கே ஆறு மாதம் ஆயிற்று.

*

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உங்கள் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா? அண்ணியின் இருமல் நின்றதா? தொலைபேசியில் கேட்டால் நீங்கள் ‘ம்’ கொட்டுவதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன்.

புத்தகம் முடிந்துவிட்டதென்று போன மாதம் பீற்றிக்கொண்டேன் அல்லவா? முடியவில்லை. பதிப்பகத்தார் ஒரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் யாரென்று சொல்ல மாட்டார்களாம். அவர் நாலாம் அத்தியாயத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

என் கட்சி உங்களுக்குத் தெரியும். நாடுகளை நகர்த்துவது படையும் ஆதாயமும்தான் என்பவர்கள் ஒரு பக்கம். எது தனக்கு ஆதாயம் என்று ஒரு நாடு நினைப்பதையே ஒரு கருத்து மாற்றிவிடும் என்பது நான். நாலாம் அத்தியாயம் உங்கள் உடன்படிக்கை. பதினொரு நாள் இரு தரப்பும் ஆற்றை எத்தனைக்கு எத்தனை என்று வெட்டிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் நாள் காலை இருவரும் மேசையில் வைத்த வரைவுகளில் ஒரே ஏழாம் பிரிவு: ஆறு பிரிக்கப்படாமல் பொதுவில் இருக்கும், முறை வைத்து நீர் எடுத்துக்கொள்ளப்படும். மறுநாளே கையெழுத்து. நடுவில் ஒரு சிப்பாய்கூட இடம் மாறவில்லை. மாறியது கருத்து ஒன்றுதான்.

மதிப்பீட்டாளர் எழுதுகிறார்: “இதற்குக் கருத்து எதற்கு? வரைவு கசிந்திருக்கிறது. விசாரணைக் குழு அப்படித்தான் முடிவு செய்து ஒரு தட்டச்சரைப் பணிநீக்கம் செய்தது. இரு வரைவுகளிலும் ‘இரு நாடுகளும் அவற்றின் வாரிசுகளும்’ என்று ஒரே பிழை. நாடுகளுக்கு ஏது வாரிசு?”

அண்ணா, நீங்கள் அந்த அறையில் இருந்தவர். அது எங்கிருந்து வந்தது? அந்தத் தட்டச்சர் யார்?

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

*

ஜனவரி 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் 14ஆம் தேதி கிடைத்தது. இருவரும் நலமாக உள்ளோம். முழங்கால் இறங்கும்போது சம்மதிக்கிறது, ஏறும்போது ஆட்சேபிக்கிறது. உன் கண் மருத்துவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை.

நீ கேட்டவற்றுக்கு:

(அ) ஏழாம் பிரிவு நம் தரப்பு வரைவில் என்னால் எழுதப்பட்டது.

(ஆ) எதிர்த்தரப்பு வரைவில் அது எவ்வாறு இடம்பெற்றது என்பது அவர்களுடைய கோப்புகளைச் சார்ந்த விஷயம்.

(இ) விசாரணைக் குழு ஒன்று தீர விசாரித்து முடிவு செய்ததைப் பற்றி, அதில் சாட்சியாக அழைக்கப்பட்ட நான் கருத்துக் கூறுவது முறையாகாது.

உன்னிடம் எனக்கு ஒரு கேள்வி. இந்த உடன்படிக்கைக்கு ஒரு அத்தியாயமே எழுதிய நீ, விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கும் தட்டச்சரின் பெயரை எப்படிப் பார்க்காமல் இருந்திருப்பாய்? தெரிந்ததையே ஒருவர் கேட்டால், கேள்வி வேறு எதற்கோ என்று பொருள். வழக்கறிஞராக அல்ல, அண்ணனாகவே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

[அடியில், வேறு கையெழுத்தில்:] இருமல் நின்னுடுச்சும்மா. உன் லெட்டர் வந்ததுலேருந்து உங்க அண்ணன் பரண்ல ஏறி ஏறி இறங்கறார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு மாடிக்கு வரச் சொன்னா மட்டும் முழங்கால் வலிச்சுடும். அண்ணி.

*

ஜனவரி 30

அன்புள்ள அண்ணா,

கண்ணுக்கு ஒன்றுமில்லை, கண்ணாடியை மாற்றினால் போதுமாம். நீங்கள் இருவரும் நலமென்று அறிந்து நிம்மதி.

பிடித்துவிட்டீர்கள். பெயரும் தெரியும், முகவரியும் கிடைத்தது. உங்கள் வாயால் கேட்க ஆசைப்பட்டேன். நடக்கவில்லை. ஆகவே நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

ஒரு தையல்கடைக்கு மேலே இரண்டு அறை. வயது எழுபத்தொன்பது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மணியக்காவாம். வரி முடிந்தால் இயந்திரத்தில் மணி அடிக்குமே, மற்றவர்களுக்கு ஒரு முறை அடிப்பதற்குள் இவருக்கு இரண்டு முறை அடிக்குமாம். அந்த இயந்திரம் இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது. கதவைத் திறந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ அவரோட தங்கச்சிதானே? மூக்கைப் பார்த்தாலே தெரியுது. வா, உக்காரு. செருப்பை அங்கேயே விடு, கீழே தையல்காரர் சத்தம் போடுவார்.”

“அக்கா, அன்னைக்கு எத்தனை கார்பன் வெச்சு அடிச்சீங்க?”

“மூணு. வரைவுன்னா மூணுதான். மேல் தாளோட சேர்த்து நாலு.”

“பதிவேட்டுல ரெண்டுன்னு இருக்கே?”

“இருக்கும். என் கையெழுத்துதான். ரெண்டுன்னு போடச் சொன்னாங்க, போட்டேன்.”

“யாரு சொன்னது?”

அவர் எழுந்து போய் இயந்திரத்துக்கு உறை போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார்: “விசாரணையிலயும் இதைத்தான் கேட்டாங்க. வரைவுப் பிரிவுன்னு சொன்னேன். வரைவுப் பிரிவைக் கூப்பிட்டாங்க. ‘பதிவேட்டில் உள்ளதே நான் பெற்றது’ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு வரைவுப் பிரிவு. என்னைப் பார்த்து, ‘மூணு அடிச்சதா நீயே சொல்றே, ரெண்டுன்னு நீயே எழுதியிருக்கே, அப்ப மூணாவது எங்கே?’ன்னாங்க. நான் ரெண்டுதான் அடிச்சேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா பென்ஷனோட வீட்டுக்கு வந்திருப்பேன். வாயில வரலை.”

“இப்ப உங்களுக்கு என்ன வேணும் அக்கா?”

“வேலையா குடுக்கப்போறாங்க? என் காலம் முடியறதுக்குள்ள, ‘இவ குடுக்கலை’ன்னு ஒரு தாள். அடிக்கறதை நானே அடிச்சுக்கறேன். கையெழுத்து யாராவது போடட்டும்.”

அண்ணா, வரைவுப் பிரிவில் அன்று எத்தனை பேர் இருந்தீர்கள்?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

தங்கை

*

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, உன் கடிதம் என் கைக்கு வந்தபோது உறையின் வாய் ஈரமாகவும் சற்றே கோணலாகவும் ஒட்டப்பட்டிருந்தது. உன் முதல் கடிதத்திலும் இதைக் கவனித்தேன். அப்போது தற்செயல் என்று எண்ணினேன். நம் கடிதங்கள் வழியில் திறந்து படிக்கப்படுகின்றன என்று கருத இடமிருக்கிறது. அஞ்சலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, உடன்படிக்கை இவ்வாண்டு இறுதியில் மறுபரிசீலனைக்கு வருகிறது. அதைக் கிழித்தெறியக் காத்திருப்பவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள். நாற்பத்தோரு ஆண்டுகளாக ஒரு துளி ரத்தமில்லாமல் ஓடும் ஆறு அது. இந்த நேரத்தில் பழைய விசாரணையைக் கிளறுவது யாருக்குப் பயன்படும் என்று நீ யோசித்ததுண்டா? உன் மதிப்பீட்டாளரின் பெயரை ஏன் மறைக்கிறார்கள்? அவர் கேட்கும் கேள்வியை அவருக்காக நீ என்னிடம் கேட்கிறாயோ என்றும் எனக்கு ஒரு ஐயம். தவறாக நினைக்காதே.

அன்று பணியில் இருந்தோர் எண்ணிக்கை ஊழியர் பட்டியலில் கிடைக்கும்.

குளிர் போய்விட்டது. காலையில் கொஞ்ச தூரம் நடந்து வா.

அண்ணன்

[அடியில்:] உறையைப் பிரிச்சு ஒட்டினது நான்தான்மா. ரெண்டு தடவையும். அவர் படிச்சுட்டு மடிச்சுப் பூட்டி வெச்சுக்கறார், எனக்குக் காட்டறதில்லை, அப்புறம் என்ன பண்றது? பாவம் அந்த போஸ்ட் ஆபீஸ்காரர், நேத்து வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறார். இதை அவர்கிட்ட சொல்லிடாதே.

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

நலம். காலையில் நடக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. அஞ்சலகத்தாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நல்ல செய்தி. நூலகத்தின் அடித்தளத்தில், பத்திரப் படிவங்கள் அடங்கிய பழைய புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். உங்கள் காலத்தில் இரு நாட்டுச் சட்டக் கல்லூரிகளிலும் அதுதான் பாடமாம். பக்கம் 212, அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும் பத்திரம்: “கிணறு பிரிக்கப்படாமல் பொதுவில் இருக்க வேண்டியது, இரு தரப்பாரும் அவர்தம் வாரிசுகளும் முறை வைத்து நீர் எடுத்துக்கொள்ள வேண்டியது.”

வாரிசு எங்கிருந்து வந்தார் பார்த்தீர்களா! கிணற்றுக்கு எழுதியதை நீங்கள் ஆற்றுக்கு எழுதினீர்கள். அவசரத்தில் வாரிசை வெட்ட மறந்தீர்கள். மறுகரையில் அதே புத்தகத்தைப் படித்த வரைவாளரும் அதையே செய்தார். கசிவே தேவையில்லை. அந்தப் புத்தகம் உங்களிடம் இருந்ததென்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மணியக்காவுக்கு அவர் கேட்ட தாள், எனக்கு நாலாம் அத்தியாயம். யாருக்கும் சேதாரமில்லை.

அன்புடன்,

தங்கை

*

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே ஆகுக. உன் உழைப்பு வீண்போகவில்லை என்பதில் மகிழ்ச்சி. நீ கேட்ட சான்று:

“மேற்படி படிவப் புத்தகம் அக்காலத்தில் என் மேசையில் இருந்தது. ஏழாம் பிரிவின் முதல் வாக்கியத்தை அதன் 212ஆம் பக்கத்தைப் பார்த்தே நான் எழுதினேன்.”

கையொப்பமும் தேதியும் இட்டிருக்கிறேன். பயன்படுத்திக்கொள்.

அண்ணன்

[அடியில்:] இன்னைக்கு நல்லா சாப்பிட்டார். சீட்டி வேற அடிக்கறார். எனக்கு என்னவோ சரியாப் படலை.

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

உடம்பு நலம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

என் இரண்டு கடிதங்களுக்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்ட நீங்கள், தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்ததும் நாலே நாளில் பதில் எழுதிவிட்டீர்கள்.

நான் ஏழாம் பிரிவு முழுவதையும் பற்றிக் கேட்டேன். நீங்கள் “முதல் வாக்கியத்தை” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் வாக்கியம் என்னவாயிற்று? “நீர் குறைந்த ஆண்டில் வயலின் முறைக்கு முன் வீட்டின் முறை.” இது இரு வரைவுகளிலும் இருக்கிறது. பக்கம் 212இல் இல்லை. அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. ஆனால் நம் வீட்டில் இருந்தது, அண்ணா. குழாயில் தண்ணீர் நூலாக வந்த அந்தக் கோடையில், அப்பா ரோஜாவுக்குக் குழாயைத் திருப்பியபோது அம்மா சொன்னாள்: “முதல்ல வீடு. உங்க செடி அப்புறம்.” மறுகரை வரைவாளருக்கும் அதே அம்மாவா?

படிவப் புத்தகத்தைக் கண்ட அன்றே இதையும் கண்டேன். கண்டும் மறைத்துத்தான் போன கடிதத்தை எழுதினேன். அது சூதுதான். நீங்கள் “இல்லை தங்கச்சி, இரண்டாம் வாக்கியம் அதில் இல்லையே” என்று எழுதுவீர்கள் என்று நம்பி ஆடிய சூது.

விசாரணைப் பதிவைத் திரும்பப் படித்தேன். “வரைவு உங்கள் பொறுப்பிலிருந்து வெளியே சென்றதா?” என்று கேட்கிறார்கள். “மூலம் ஒருபோதும் என் பொறுப்பை விட்டுச் செல்லவில்லை” என்கிறீர்கள். உண்மையாகத்தான் இருக்கும். நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருப்பதே அதனால்தான்.

இன்னொன்று. எதிர்வீட்டு நாய்க்குக் கால் சுளுக்கினால்கூட நலம் விசாரித்து எழுதுபவர் நீங்கள். மணியக்காவைப் பார்த்தேன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

சான்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை வைத்துப் புத்தகம் வெளியிட என்னால் முடியாது.

தங்கை

*

மே 11

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

நீ நல்லா இருக்கியாம்மா? உங்க அண்ணன் எழுதமாட்டேங்கறார், அதான் நானே எழுதறேன். சாப்பாடு பாதிதான் இறங்குது. என்கிட்ட முன்னெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை வாதாடுவார், இப்ப நான் சொல்றதுக்கெல்லாம் சரிங்கறார். எனக்குப் பயமா இருக்கு.

உன் கடைசி லெட்டரையும் படிச்சேன். மணியக்கா, மணியக்கான்னு எழுதியிருக்கியே, கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருஷத்துல அந்தப் பேரு எங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்லை. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். நேராவே கேட்டுட்டேன். “அந்தப் பொம்பளைக்கு என்னங்க பண்ணீங்க?”ன்னேன். அவர், “கேள்வி சரியா இருக்கு”ன்னார். அவ்வளவுதான்.

போன வாரம் பரண்லேருந்து ஒரு கறுப்புக் குடையை எடுத்து மேசை மேல நீட்டி வெச்சிருக்கார். மூங்கில் கைப்பிடி. நம்ம வீட்டுக் குடை இல்லை. விரிக்கப் போனேன், “தொடாதே, அது சாட்சியம்”ங்கறார். குடை என்னம்மா சாட்சி சொல்லும்?

அவர் எழுதுவார். கொஞ்சம் பொறு. திட்டி எழுதிடாதே.

அண்ணி

*

ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். மணியக்கா எப்படி இருக்கிறார்? முதலில் அதை எழுது.

வரைவுப் பிரிவில் அன்று நான் ஒருவனே இருந்தேன்.

பதினோராம் நாள் பிற்பகல். ஏழாம் பிரிவை நம் தூதுக்குழுத் தலைவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “அருமையா இருக்கு. ஆனா நாம இதைச் சொன்னா இறங்கி வர்றோம்னு நினைப்பாங்க. அவங்க சொன்னாப் பார்க்கலாம்,” என்றார். கூடத்துக்கு வெளியே மறுகரை வரைவாளர் நின்றிருந்தார். வெயிலிலும் குடையோடு வருபவர். நாங்கள் அவரைக் குடைக்காரர் என்போம். பதினொரு நாளில் எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. “உங்க தலைவர் ஒத்துப்பாரா?” என்று பொதுவாகக் கேட்டேன். “எங்காளா? உங்க ஆளு சொன்னா ஒத்துப்பார். முதல்ல சொல்லமாட்டார்,” என்று சிரித்தார்.

ஒருவர் முதலில் சொன்னால் அவர் தோற்றவர். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னால் யாரும் தோற்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சட்டப் படிப்புத் தேவைப்படவில்லை.

மணியக்கா நான்கு தாளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் பதிவேட்டை நீட்டினார். “ரெண்டு கார்பன்னு போடுங்க,” என்றேன். “மூணு அடிச்சேனே?” “ரெண்டு.” என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். எழுதினார். மூன்றாவது கார்பனைச் சுருட்டி, வாசலிலிருந்த குடைத் தாங்கியில் குடைக்காரருடைய குடையின் மடிப்புக்குள் இறக்கினேன். அவர் போகும்போது, “இன்னைக்கு மழை வரலாம், குடையைப் பார்த்து விரிங்க,” என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு நம் தலைவரிடம், அவர்களும் இதையே வைக்கப்போவதாகத் தெரிகிறது என்றேன்; அப்படியானால் நாமும் வைப்போம் என்றார்.

நான் வாரிசை வெட்ட மறந்திருந்தேன். ஒரே மாலையில் ஏழாம் பிரிவைத் தம் வரைவில் சேர்த்த குடைக்காரரும் மறந்தார். மூன்று மாதம் கழித்து அந்த வாரிசுதான் விசாரணையைக் கொண்டுவந்தது. இன்னொருவர் கையிலிருந்து எடுத்த பிழை என்று ஒரு வரைவாளனுக்குப் பார்த்தவுடன் தெரியும்.

அவர்கள் மூலத்தைக் கேட்டார்கள், மூலத்தைப் பற்றிச் சொன்னேன். பதிவேட்டைக் கேட்டார்கள், பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. வெளியே பெஞ்சில் மணியக்கா மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போனபோது எழுந்து நின்றார். அதிகாரி வந்தால் எழுந்து நிற்கும் வழக்கம்.

நான் வாய் திறந்தால் உடன்படிக்கை முறியும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். முதல் ஆண்டில் அது உண்மை. ஐந்தாம் ஆண்டில் பாதி உண்மை. அதற்குப் பிறகு அது எனக்கு வசதி.

குடைக்காரர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் மகள் குடையை எனக்கு அனுப்பிவைத்தாள்: “இதை உங்களிடம் சேர்க்கச் சொன்னார்.” விரித்தேன். மூன்றாவது கார்பன் அதற்குள்ளேயே இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அது என் பரணில் இருக்கிறது. அதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

உன்னைச் சந்தேகித்து எழுதியதற்கு வருந்துகிறேன். உன் கட்சிக்கு இது சாதகமா பாதகமா என்று எனக்குத் தெரியவில்லை. மணியக்காவுக்கு இன்றே தனியாக எழுதுகிறேன்.

அண்ணன்

[அடியில், என் கையெழுத்தில்:] இக்கடிதத்தை உறையிலிடும் முன் உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். ஒட்டும் வேலை மிச்சம். உறைகளைத் திறந்தது யாரென்று, அவள் மணியக்காவைப் பற்றிக் கேட்ட அன்றே புரிந்துவிட்டது.

*

ஜூன் 20

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் நலம் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதப்போவதில்லை. உங்கள் நலமும் நான் கேட்கவில்லை.

இரண்டு என்று எழுத நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஏன் சொன்னீர்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துகொண்டேன். நல்ல காரியத்துக்குத்தான். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அந்தக் குடையில் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

28ஆம் தேதி காலை பத்து மணிக்கு வரவும். வாசகத்தை எழுதிக்கொண்டு வரவும். தாளும் கார்பனும் உங்கள் செலவு. நான் அடிக்கிறேன்.

இப்படிக்கு,

தட்டச்சர்

*

5. குறிப்பிட்ட நாளில் நான், என் மனைவி, தங்கை மூவரும் தையல்கடைக்கு மேலுள்ள அறைக்குச் சென்றோம். எழுந்து நிற்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்து நிற்கவில்லை.

6. நான் எழுதிச் சென்ற வாசகம்: “பதிவேட்டில் படிகளின் எண்ணிக்கை குறைத்துப் பதிவு செய்யப்பட நேர்ந்தது.” தட்டச்சர் அதைப் படித்துவிட்டு விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நேர்ந்ததா? தானா நேர்ந்துச்சா? யாரு பண்ணினதுன்னு போடுங்க. அப்பத்தான் அடிப்பேன்.”

“அதைத்தான் ஆறு மாசமா கேட்கிறேன் அக்கா,” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரு. உங்கண்ணன் சொல்லட்டும்.”

நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். வரி முடியும்போதெல்லாம் மணி அடித்தது. அவ்வாறு அடிக்கப்பட்டதே அடுத்த பத்தி.

7. மூன்று கார்பன்களை இரண்டு என்று பதிவேட்டில் எழுதும்படி தட்டச்சருக்கு உத்தரவிட்டவன் நான். மூன்றாவதை மறுகரை வரைவாளரின் குடைக்குள் வைத்தவன் நான். விசாரணையில் இதை மறைத்தவன் நான். தட்டச்சர் எவரிடமும் எதையும் கொடுக்கவில்லை. அவர் விசாரணையில் சொன்னது முழுவதும் உண்மை. என்மீது எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

8. உடன்படிக்கை மறுபரிசீலனைக் குழுவுக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் இது அனுப்பப்படுகிறது. ஏழாம் பிரிவு வந்த வழியில் குற்றம் உண்டு, அது என்னுடையது. பிரிவில் குற்றமில்லை. வாரிசுகள் என்ற சொல்லை மட்டும் இனியாவது நீக்கிவிடலாம்.

9. படியிறங்கும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதிப்பீட்டாளர் சொன்னதும் சரிதான் அண்ணா, நான் சொன்னதும் சரிதான். கசிஞ்சது. ஆனா கசிஞ்சது அம்மாவோட கருத்து.” இது என் வாக்குமூலத்தின் பகுதியல்ல. ஆயினும் தட்டச்சரிடம் திரும்ப ஏறிச் சென்று சேர்க்கச் சொன்னேன். ஏறும்போது முழங்கால் ஆட்சேபிக்கவில்லை.

மேலே கண்டவை யாவும் நான் அறிய உண்மை. இம்முறை, அவற்றில் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை என்பதும் உண்மை.

(ஒப்பம்)
வரைவாளர், ஓய்வு

சாட்சிகள்:
1. வரைவாளரின் மனைவி
2. வரைவாளரின் தங்கை, பேராசிரியை

தட்டச்சு: மணியக்கா

இணைப்பு: குடை ஒன்று, அதனுள் கண்ட பழைய கார்பன் படி ஒன்று.

பதிவேட்டுக் குறிப்பு, வரைவாளரின் கையெழுத்தில்:
மூலம் ஒன்று, மறுபரிசீலனைக் குழுவுக்கு. கார்பன் மூன்று. முதலாவது ஆவணக் காப்பகத்துக்கு. இரண்டாவது என் தங்கைக்கு. மூன்றாவது தட்டச்சரிடம் நேரில் கொடுக்கப்பட்டது. அவர் எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொண்டார்.